நான்கு சுவருக்கு வெளியே ஒரு கதவு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று சரித்திரத்துக்குத் தெரியாது. பாவம், அந்தக் காலத்தில் பெயர்ப்பலகை எழுத ஆள் கிடைக்கவில்லை. ஆனால் ‘சேவை’யைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம். அவர்கள் பம்பாயில், மாதுங்காவில், லிஃப்ட் உள்ள கட்டடங்களில் வசிக்கிறார்கள். அவர்கள் சேவை செய்த இடங்களிலெல்லாம் அவர்களுடைய பெயரும் பதவியும் எனாமல் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. பம்பாய் மழைக்கும் அழியாத பெயிண்ட் அது.

அப்பேர்ப்பட்டவர்களின் கடைக்கண் பார்வைக்காகக் காத்துக் கிடந்தவர்களில் ஒருவர் ஜெயினுலாப்தீன். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். சொந்த ஊர் கடையநல்லூர். தாராவியையும் மாதுங்காவையும் பிரிப்பது ரயில் தண்டவாளம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெயினுலாப்தீன் அப்படி நினைக்கவில்லை. அவர் அங்கே பலமுறை மனுவோடு போய்வந்தவர்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கதவு.

பள்ளிக்கூட முற்றத்தின் மூலையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் தாராவி. அந்தப் பக்கத்தில் இருந்த கதவு போன மழைக்காலத்தில் உளுத்துப்போய் விழுந்தது. மறுநாள் காலையில் அது யார் வீட்டுக் கூரைக்கோ பலகையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை நடத்தும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ‘பழைய கதவை நல்ல நிலையில் ஒப்படைத்தால் புதிய கதவு வழங்கப்படும்’ என்று பதில் வந்தது. மிக நியாயமான விதி. பழைய கதவு நல்ல நிலையில் இருந்தால் புதிய கதவு எதற்கு என்று வேண்டாதவர்கள்தான் கேட்பார்கள். ஜெயினுலாப்தீன் அங்கே சம்பளம் வாங்குகிறவர்; கேட்கவில்லை.

சின்ன வகுப்புப் பெண்கள் எப்படியோ சமாளித்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் முன்னால் பாவாடையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். வளர்ந்த பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருந்து பார்த்தார்கள். இரண்டாவது வழி சுலபமாக இருந்தது. அந்த வருடம் ஏழாம் வகுப்பில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன.

ஆறாம் வகுப்பில் ஆபிதா என்று ஒரு பிள்ளை. கணக்குப் போட்டால் தலைமையாசிரியருக்கே ஒருமுறை சரிபார்க்கத் தோன்றும். சரிபார்த்தால் தப்பு அவருடையதாக இருக்கும். ஆபிதாவின் அப்பா ஷாகுல் ஹமீதுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மா சைனப் வீட்டிலேயே ஜரிகை வேலை செய்பவள். ஒரு நாள் சைனப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“சார், நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். படிக்கட்டும்னுதான் அவ வாப்பாவும் சொல்லுதாவ. ஆனா பிள்ள வளந்துட்டா. வாசல்ல கதவில்லாத எடத்துக்கு எப்படி சார் அனுப்புவேன்? ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்போது கதவு இருந்தா ஏழாங்கிளாசுக்கு வருவா. இல்லன்னா எங்கூட ஜரிகைக்கு உக்காந்துருவா. அவளுக்குக் கைவேலையும் நல்லா வருது.”

“கதவு இருக்கும்மா. நான் சொல்லுதேன்லா?” என்றார் ஜெயினுலாப்தீன்.

வாய் சொல்லிவிட்டது. இனிமேல் கால்தான் நடக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘அகில மாதுங்கா சேவா மண்டலி’யின் செயற்குழுக் கூட்டத்துக்குப் போனார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறையில் நடந்தது. முதலில் கடவுள் வாழ்த்து. பிறகு இட்லி, வடை, காப்பி. பிறகு இட்லி, வடை, காப்பி கொடுத்தவருக்கு நன்றித் தீர்மானம். அதற்கு மேலும் யாருக்காவது தெம்பு இருந்தால் சேவை. தலைவர் அனந்தநாராயணன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். எந்த விஷயத்தையும், அதில் என்னென்ன விபத்து வரலாம் என்ற கோணத்தில் பார்ப்பார். செயலாளர் சுந்தரராமன் கையில் எப்போதும் ஒரு கையேடு இருக்கும். சேவை செய்வது எப்படி என்று மேலே உள்ள சம்மேளனம் அச்சிட்டு அனுப்பியது அது.

“கதவா?” என்றார் அனந்தநாராயணன், யாரோ யானை கேட்டதுபோல.

“ஆமா சார். ஒரே ஒரு கதவு. பொம்பளப் பிள்ளைங்க கக்கூசுக்கு.”

சுந்தரராமன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “போன வருஷம் வந்திருந்தேள்னா பிரமாதமாப் பண்ணியிருக்கலாம் சார். போன வருஷத் தீம் ‘வீட்டுக்குள் வெளிச்சம்’. இந்த வருஷம் ‘நான்கு சுவருக்கு வெளியே’. ஏழைக் குழந்தைகளை வெட்டவெளிக்கு அழைச்சுண்டு போகணும். வேற எது பண்ணினாலும் சம்மேளனம் பாயிண்ட் தராது.”

ஜெயினுலாப்தீன் விடவில்லை. “கக்கூஸ் முற்றத்துலதான் சார் இருக்கு. நாலு சுவருக்கு வெளியதான்.”

சபை யோசித்தது. இப்படி ஒரு நுட்பமான வாதத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அனந்தநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கக்கூஸ் வெளியில இருக்கு, வாஸ்தவம். ஆனா கதவோட வேலை என்ன? மூடறது. நாங்க இந்த வருஷம் பூரா திறந்த வெளியைப் பத்திப் பேசப்போறோம். மொத காரியமே ஒரு எடத்தை மூடறதா இருந்தா சம்மேளனம் என்ன நினைக்கும்?”

“அதோட,” என்று சுந்தரராமன் சேர்த்துக்கொண்டார், “அங்கே மூணு சுவர்தான் இருக்குன்னு நீங்களே மனுவுல எழுதியிருக்கேள். நாலு சுவரே இல்லாத எடத்துல, நாலு சுவருக்கு வெளியேங்கற கேள்வியே எழலையே சார்!”

குழு மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தது. ஜெயினுலாப்தீனும் மெதுவாகத் தட்டினார். தர்க்கம் அப்படி.

ஆனால் மண்டலி யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதாக வரலாறு கிடையாது. கதவுக்குப் பதிலாக அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை செம்பூரில் ஒரு மலைச் சரிவுக்கு அழைத்துப்போய் ஒரு நாள் கூடார வாழ்க்கை கற்றுக்கொடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கேட்டது கதவு, கிடைத்தது மலை. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை உள்ளேயே விடமாட்டார்கள். ‘முதலில் மலையை வாங்கிக்கொள்வோம், கதவு பின்னால் வரும்’ என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, ஜெயினுலாப்தீன் எழுந்து நன்றி சொன்னார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வாடகை பஸ்களில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். முகாமின் தளபதி ஜம்பு என்பவர். செம்பூர்வாசி, வாரத்தில் ஆறு நாள் ஓர் ஆபீசில் பென்ஷன் ஃபைல் பார்ப்பவர். ஏழாம் நாள் காக்கி டிராயர், கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி.

“குழந்தைகளே!” என்று மலையே அதிர ஆரம்பித்தார் ஜம்பு. “இன்னிக்கு ஒரு நாள், எந்த வசதியும் இல்லாம வாழறது எப்படின்னு நீங்க கத்துக்கப்போறேள்! ஃபேன் கிடையாது! குழாயைத் திருகினாத் தண்ணி கிடையாது! கட்டில் கிடையாது! காஸ் அடுப்பு கிடையாது!”

பிள்ளைகள் மேலும் கேட்கக் காத்திருந்தார்கள். ஆபிதா கையைத் தூக்கினாள்.

“வீட்டுலயும் கெடையாது சார்.”

“அப்படியெல்லாம் சொல்லப்படாது. இது இயற்கை. இதை ரசிக்கணும்.”

முதல் பாடம், கூடாரம் அடிப்பது. சுந்தரராமன் கையேட்டைப் பார்த்து வாசிக்க, ஜம்புவும் நான்கு தொண்டர்களும் கம்பை நட்டார்கள். கூடாரம் எழுந்தது, சற்று யோசித்தது, தளபதியின் மேல் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடிப்போய் அவரை வெளியே இழுத்துப்போட்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, தார்ப்பாயை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆபிதா கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். இன்னொருத்தி ஓரத்தில் கல்லை அடுக்கினாள். பையன்கள் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள். ஜனவரியில் பம்பாயில் மழை கிடையாது என்று தளபதி எடுத்துச் சொன்னார். “இருக்கட்டும் சார், பின்னால வரும்லா,” என்றார்கள்.

மத்தியானத்துக்குள் அங்கே ஒரு குடியிருப்பே உருவாகிவிட்டது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் பக்கத்துக் கூடாரத்தோடு பொதுச்சுவர். நடுவில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. சந்து முனையில் ஒரு பையன், கொண்டுவந்த பொட்டுக்கடலையைக் கூறு கட்டி விற்க உட்கார்ந்துவிட்டான். ஒரு கூடாரத்துக்குள் பரண்கூடப் போட்டிருந்தார்கள். நல்லவேளையாக முகாம் சாயங்காலத்தோடு முடிந்தது. இன்னும் இரண்டு நாள் நீடித்திருந்தால் அங்கே ஒரு வாக்குச்சாவடி திறக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது ‘சாகசப் பயிற்சி’. மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். தொண்டர்கள் ஒரு வாளியை இரண்டு பேராகத் தூக்கி, பாதித் தண்ணீரை இயற்கைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஆபிதா தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவளோடு பேசிக்கொண்டே ஏறி வந்தாள். அவளுக்குச் சாகசச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அவள் வீட்டில் தினமும் காலையில் நடக்கிற காரியத்துக்கு இத்தனை மரியாதை உண்டென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இத்தனையும் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்த ஜெயினுலாப்தீன், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே ஒரு கதவு இருந்தது.

உண்மையான கதவு. நீல பெயிண்ட் அடித்து, பித்தளைத் தாழ்ப்பாள் வைத்து, புதிய மரவாசனையோடு நின்றது. மூன்று பக்கம் கித்தான் மறைப்பு, நான்காவது பக்கம் அது. மண்டலியின் மகளிர் அணித் தலைவியும் அனந்தநாராயணனின் சகதர்மிணியுமான கோமளா மாமி, முகாமுக்கு முந்தின கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். “கதவில்லாத எடத்துல நாங்க எப்படி ஒரு நாள் பூரா இருக்கறது? பொம்மனாட்டிகளாச்சே!” அதற்குத் தீம் பார்க்கவில்லை, பாயிண்ட் பார்க்கவில்லை. வடை ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறி, தச்சனுக்கு ஆள் போய்விட்டது. கதவுக்கு ‘முகாம் உபகரணம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஜெயினுலாப்தீன் கிட்டே போய்க் கதவின் அகலத்தை விரலை விரித்து அளந்து பார்த்தார். தன் பள்ளிக்கூடத்து வாசலுக்கென்றே செய்ததுபோல இருந்தது. மகளிர் கழிப்பறை வாசலில் ஓர் ஆண் இப்படி நிற்பது நாகரிகமில்லை என்று ஒரு தொண்டர் வந்து அவரை நகர்த்திக்கொண்டு போனார்.

ஆபிதாவும் கதவைப் பார்த்துவிட்டிருந்தாள். “சார், இது நம்ம ஸ்கூலுக்கா?”

“கேட்டுப் பாக்குதேன்மா,” என்றார்.

கேட்டார். “அது மண்டலி சொத்து சார். அடுத்த வருஷ முகாமுக்கு வேணும்,” என்றார் அனந்தநாராயணன். கதவு டெம்போவில் ஏறி மாதுங்காவுக்குப் போயிற்று.

ஆனால் தர்மம் தூங்குவதில்லை. தூங்கினாலும் மாதுங்காவில் அதற்குப் படுக்க இடமில்லை. கதவு லிஃப்டுக்குள் நுழையவில்லை. தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற்றினார்கள். வீட்டுக்குள் வைக்க இடம் போதவில்லை. அதனால் தலைவர் வீட்டு வாசலிலேயே, வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்துவைத்தார்கள். அன்றிலிருந்து குழப்பம். பால்காரர் புதுக் கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்கவில்லை என்று போய்விடுவார். தபால்காரர் அதன் அடியில் கடிதங்களைச் செருகினார். கோமளா மாமியின் கல்யாண்வாசியான தம்பி ஒரு மணி நேரம் அதன் முன்னால் மணியைத் தேடிக்கொண்டு நின்றார். வழியை அடைக்கிறது என்று கட்டட சொசைட்டிக்காரர்கள் நோட்டீஸ் விட்டார்கள்.

“ஒண்ணு அந்தக் கதவு இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்,” என்றார் கோமளா மாமி.

தலைவர் சில நாள் யோசித்தார். ஏப்ரல் மாதக் கூட்டத்தில், ‘தாராவிப் பெண் குழந்தைகளின் நெடுநாள் துயரைத் துடைக்கும் பொருட்டு’ கதவை ஜெயினுலாப்தீனின் பள்ளிக்கூடத்தில் நிறுவுவது என்று தீர்மானம் வந்தது. இரண்டு பேர் கண்ணீர் விட்டார்கள். அதில் ஒருவர் அந்தக் கட்டட சொசைட்டியின் செயலாளர் என்று பிறகு தெரிந்தது.

சேதி கேட்ட அன்றே ஜெயினுலாப்தீனும் ஷாகுல் ஹமீதும் கைவண்டி எடுத்துக்கொண்டு போய்க் கதவை ஏற்றிவந்தார்கள். ஷாகுல் ஹமீதே ஆள் பிடித்து நிலை வைத்து, கீல் அடித்து மாட்டிக்கொடுத்தார். ஜெயினுலாப்தீன் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். இத்தனை வருட உத்தியோகத்தில் அன்றுபோல அவர் சந்தோஷப்பட்டதில்லை. வெளியே வந்து ஷாகுல் ஹமீதிடம், “போய் வீட்ல சொல்லுங்க. ஏழாங்கிளாசுக்குப் புஸ்தகம் வாங்கச் சொல்லுங்க,” என்றார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மண்டலி வந்தது. மேளம், மாலை, போட்டோகிராபர். கதவுக்கு மேலே ஒரு பலகை அடித்தார்கள். பலகையில் பெயர்களை எல்லாம் எழுத இடம் போதாமல், பொருளாளர் பெயர் பக்கத்துச் சுவருக்குப் போயிருந்தது. கோமளா மாமி ரிப்பனை வெட்டி, கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடி, பையிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜெயினுலாப்தீனுக்கு ஒன்றும் புரியவில்லை. “சாவி, மேடம்?”

“பத்திரமா எங்கிட்ட இருக்கும். தெறந்து போட்டா யாரானும் கழட்டிண்டு போயிடுவா. பழைய கதவு என்னாச்சுன்னு நீங்கதானே எழுதியிருந்தேள்?”

“அப்ப பிள்ளைங்க எப்படிப் போகும்?”

இந்தக் கேள்விக்கு அனந்தநாராயணன் தயாராக வந்திருந்தார். “எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு சார். வாராவாரம் ஞாயித்துக்கிழமை பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும் எங்க வாலண்டியர் வந்து தெறந்துவைப்பார். மத்த நாள்ல எங்களுக்கெல்லாம் ஆபீஸ் இருக்கோல்லியோ?”

“ஞாயித்துக்கிழமை ஸ்கூல் லீவு சார்.”

“அதனாலதான் அந்த நாள். கூட்டமே இருக்காது பாருங்கோ. குழந்தைகள் நிதானமாப் போகலாம்.”

“சாவிய எங்கிட்ட குடுத்திங்கன்னா நானே...”

“சேவையை வாலண்டியர்தான் சார் செய்யணும். நீங்க சம்பளக்காரர். நீங்க தெறந்தா அது உத்தியோகம்.” சுந்தரராமன் கையேட்டில் பக்கத்தை எடுத்துக் காட்டினார். “பூட்டுல ஏதாவது ஆச்சுன்னா கதவை நாங்க திரும்ப எடுத்துக்கும்படியா இருக்கும். மண்டலி சொத்து பாருங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த வருஷத் தீம் ‘தலைக்கு மேலே’ன்னு பேச்சு அடிபடறது. உங்க ஸ்கூல் கூரை ஒழுகறதா சொன்னேளே?” என்றார்.

ஜெயினுலாப்தீன் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு சாவியைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆபிதா வந்தாள். புதுத் தாவணி, புதுப் புத்தகம். ஏழாம் வகுப்பில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாக் கணக்குக்கும் முதலில் கை தூக்கினாள். மத்தியானம் முற்றத்துக்குப் போனாள். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

“சார், முன்னயாவது மூணு சுவருதான் இருந்துச்சு. இப்ப நாலாயிட்டு.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்போது இடமில்லை. பாவாடையை விரித்துக்கொண்டு நிற்பதற்கு அவர்கள் ரயில் பாதை ஓரமாக வேறு இடம் தேடினார்கள்.

சாயங்காலம் ஜெயினுலாப்தீன் சைனப் வீட்டுக்குப் போனார். சொல்வதற்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை தொறந்து வைக்கிறாங்கம்மா...”

சைனப் ஜரிகை நூலைப் பல்லால் கடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “திங்கக்கிழமை வாரத ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடக்கி வச்சிருக்கச் சொல்லுதியளா சார்?”

பக்கத்தில் ஆபிதா ஜரிகை மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முகாமில் கூடாரக் கயிற்றுக்குப் போட்ட அதே முடிச்சு. அவள் நிமிரவில்லை.

மறுநாள் எல்லாரும் போனபிறகு ஜெயினுலாப்தீன் முற்றத்தில் ஒரு கருங்கல்லை எடுத்தார். பூட்டை உடைக்கக் கையை ஓங்கவும் செய்தார். அப்போது தகரக் கூரையின் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் வகுப்புக்குள் கொட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வருடத் தீம் நினைவுக்கு வந்தது. ஓங்கிய கையை இறக்கினார். இதைத்தான் பெரியவர்கள் நிர்வாகத் திறமை என்கிறார்கள். ஜெயினுலாப்தீனுக்கு மட்டும் அது வெட்கமாக இருந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் தவறாமல் வந்தார்கள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பூட்டைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பர் படித்து, யாரும் வராததைக் கவனித்து, பூட்டிவிட்டுப் போனார்கள். ‘வசதி செய்து கொடுத்தாலும் இந்த ஜனங்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை’ என்று மாதக் கூட்டத்தில் வேதனை தெரிவிக்கப்பட்டது. வேதனையை வழிமொழிந்தார்கள்.

தீபாவளிக்கு முன்னால் சம்மேளனத்திலிருந்து நடுவர் வந்தார். பிரம்மநாயகம் என்று பெயர். கல்யாணில் பெரிய மனிதர். தீமோடு சம்பந்தமில்லாமல் தனியாகக் கொடுக்கும், சிறந்த பள்ளிக் கழிப்பறைக்கான வெள்ளிக் கேடயத்தை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வந்திருந்தார். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். கைதட்டுவதற்காக ஏழாம் வகுப்புப் பையன்களை மட்டும் வரவழைத்து உட்காரவைத்திருந்தார்கள்.

கோமளா மாமி பூட்டைத் திறந்தார். பிரம்மநாயகம் உள்ளே போய், தரையைக் குனிந்து பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், தாழ்ப்பாளை மோந்துகூடப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“நானும் எத்தனையோ ஸ்கூல் பாத்துட்டேன். இப்படி ஒரு சுத்தத்தப் பாத்ததில்ல. ஒரு பிள்ள உள்ள வந்துபோன தடமே இல்லயே!”

பையன்கள் கைதட்டினார்கள். அனந்தநாராயணன் அடக்கமாகத் தலை குனிந்தார். கேடயம் மாதுங்காவுக்கு என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

போகிற போக்கில் நடுவர் ஏழாம் வகுப்புக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பையன்கள் பக்கம் காகிதக் குப்பை, பென்சில் சீவல், மைக் கறை. பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் வரிசையாக, துடைத்துவைத்தாற்போல் இருந்தன. ஒரு புத்தகம் இல்லை, ஒரு மைத்துளி இல்லை, உட்கார ஒரு பிள்ளையும் இல்லை.

“அடேயப்பா!” என்றார் பிரம்மநாயகம். “இங்கயும் அதே சுத்தம்! இத எப்படி சார் சாதிச்சிய?”

எல்லாரும் திரும்பி ஜெயினுலாப்தீனைப் பார்த்தார்கள். போட்டோகிராபர் காமிராவைத் தூக்கினார். ஜெயினுலாப்தீன் அந்த முதல் பெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னார்:

“நான் தடுக்கல, அவ்வளவுதான் சார். மத்தபடி எல்லாம் இவங்க செஞ்ச சேவைதான்.”